கூடைக்குப் பின்னுள்ள சுவரில் யாரை வரைவது?

வைகையின் வடகரையில் ஒரு பள்ளியின் பின்புறம், நாற்பது பெண் பிள்ளைகள் காலை ஐந்தரை மணிக்குக் கூடைப்பந்து பழகும் சிமெண்டுத் தளம் ஒன்று இருக்கிறது. அதன் கிழக்குக் கம்பத்துக்குப் பின்னால் உள்ள சுற்றுச்சுவரில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு வீராங்கனையின் உருவத்தை வரைவதென்று பெற்றோர்கள் முடிவு செய்து, கோடை விடுமுறைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று பணமும் திரட்டிவிட்டார்கள். யாருடைய உருவம் என்பதில்தான் பேச்சு முடியவில்லை. பிள்ளைகள் ஒரே குரலில் ஒரு பெயரைச் சொல்கிறார்கள். பெற்றோரில் சிலர் வேறு பெயர்களைச் சொல்கிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், எல்லாரையும் ஒப்பிட்டு ஒரு கருத்தை எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார்கள். அதற்காக எழுதியது இது.

சுவரில் ஒருவரின் உருவத்தை வரைவது மதுரைக்குப் புதிதன்று. ரசிகர் மன்றப் பலகையும் திரைப்படத் தட்டியும் பார்த்து வளர்ந்த ஊர் இது. விளையாட்டுக்கும் இங்கே அந்த மரியாதை உண்டு. செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்கள் சிலையாக நிற்கிறார்கள். ஆகவே, ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பொது இடத்தில் வைத்தால் தினமும் அதைக் கடந்து செல்கிறவர்களின் மனத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் இந்தத் தேர்வை அவசரமாகச் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். யார் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்பது இங்கே கேள்வியன்று. ஒரு வீராங்கனையை ரசிகர்கள் எதனால் மனத்தில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அந்தக் காரணங்களுள் எது நம் பிள்ளைகளுக்கு மறுநாள் காலையிலும் பத்து ஆண்டுகள் கழித்தும் உதவும் என்பதே கேள்வி.

பிள்ளைகள் சொல்லும் பெயர் கெய்ட்லின் கிளார்க். அவர்களுடைய ஆசை எனக்கு முழுமையாகப் புரிகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2002இல் பிறந்து, அந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக நான்கு ஆண்டுகள் ஆடி 3,951 புள்ளிகள் எடுத்தவர் அவர். பீட் மாராவிச் என்ற ஆண் ஆட்டக்காரர் வைத்திருந்த 3,667 புள்ளிகள் என்ற கல்லூரி முதல் பிரிவுச் சாதனையை அவர் 2024 மார்ச் மாதம் கடந்தபோது, ஆண், பெண் என்ற பிரிவு இல்லாமல் அந்தப் பட்டியலின் உச்சியில் ஒரு பெண் வந்து நின்றார். அடுத்த மாதம் நடந்த கல்லூரிப் பெண்கள் இறுதியாட்டத்தை அந்நாட்டில் சராசரியாக 1.89 கோடி பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதே ஆண்டின் ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1.48 கோடி பேர். அந்த ஆட்டத்தில் கிளார்க்கின் அணி தோற்றது. தோற்ற பிறகும் ரசிகர்கள் அவரை விட்டு விலகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெற்றி மட்டுமே ரசிகரைச் சேர்க்கும் என்றால் அன்று இரவே கூட்டம் கலைந்திருக்கும்.

கூட்டத்தைக் கட்டிவைப்பது அவருடைய தொலைதூர எறிதல். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெகு வெளியே, எதிரணிப் பெண் இன்னும் தடுக்க வந்து சேராத இடத்தில் அவர் நின்று கையை உயர்த்தும்போது, பந்து காற்றில் இருக்கும் அந்த நேரம் முழுவதும் பார்க்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். தேர் நிலையிலிருந்து அசையும் முன் வடத்தைப் பிடித்திருப்பவர்களின் முகத்தில் ஒரு காத்திருப்பு தெரியுமே, அதற்கு நிகரானது இது. அவர் ஆடும் இண்டியானா ஃபீவர் அணியின் ஆட்டம் அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் இங்கே விடியற்காலை நாலரை. பயிற்சிக்கு வரும் வழியில் அம்மாவின் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைகள் எங்களிடம் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். நள்ளிரவில் கிரிக்கெட் பார்த்த தகப்பன்மாரின் வீடுகளில், விடியலில் ஒரு பெண்ணின் ஆட்டத்துக்காக மகள் விழித்திருப்பது சிறிய மாற்றமன்று.

ஆனால், தளத்தில் இறங்கியதும் அந்தப் பிள்ளைகள் முதலில் செய்வது நடுக்கோட்டில் நின்று கூடையை நோக்கி வீசுவதுதான். பன்னிரண்டு வயதுப் பெண், 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்குப் ஏறத்தாழ பன்னிரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து பந்தை அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு கைகளாலும் இடுப்பிலிருந்து தூக்கி எறிய வேண்டியிருக்கும். அப்படி எறிந்து எறிந்து முழங்கை வெளியே விரிந்துவிடும். மணிக்கட்டு மடிவது மறந்துபோகும். பிறகு கிட்டத்திலிருந்து போடும் எளிய பந்தும் வளையத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பும். அதைத் திருத்த ஒரு பருவம் முழுவதும் தேவைப்படுகிறது. கிளார்க்கின் தூரம் அவருடைய கையிலிருந்து வருவதன்று. முழங்காலை மடக்கி எழும் கால்களிலிருந்து வருகிறது, அதற்கு முன்னால் கிட்டத்தில் நின்று போட்ட கணக்கற்ற பந்துகளிலிருந்து வருகிறது. காணொளித் துணுக்குகளில் அந்தப் பகுதி இருப்பதில்லை.

அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய முதல் ஆண்டான 2024இல் அவர், தோழிகள் புள்ளி எடுக்கும்படி 337 முறை பந்து கொடுத்தார். ஒரே ஆட்டத்தில் 19 முறை கொடுத்தார். டபிள்யூ.என்.பி.ஏ. என்ற அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூட்டமைப்பில் இரண்டுமே அப்போது சாதனைகள். தூரத்திலிருந்து எறிவதற்காகக் கொண்டாடப்படும் பெண், உண்மையில் எங்கே யார் தடுப்பார் இல்லாமல் நிற்கிறாள் என்பதை மற்றவருக்கு அரைக்கணம் முன்னால் பார்த்துவிடுகிறவர். அவரை வரைவதாக இருந்தால் பந்து கொடுக்கும் நிலையில் வரையச் சொல்வேன். பிள்ளைகள் அதற்கு ஒப்பமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு: 2025இல் தசைக் காயங்களால் அவர் 13 ஆட்டங்களில் மட்டுமே இறங்க முடிந்தது. இவ்வளவு இளையவரின் கதை இன்னும் எந்தத் திசையிலும் போகலாம். சுவரோவியம் குறைந்தது பத்து ஆண்டுகள் நிற்கும்.

ஏஜா வில்சனின் பெயரைச் சொன்னவர் ஒரு தாய். 193 சென்டிமீட்டர் உயரமுள்ள வில்சன் லாஸ் வேகஸ் ஏசஸ் அணிக்காக ஆடுகிறார். 2020, 2022, 2024, 2025 என நான்கு முறை அந்தக் கூட்டமைப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர். அந்த எண்ணிக்கையை வேறு எந்தப் பெண்ணும் தொட்டதில்லை. 2024இல் 1,021 புள்ளிகள் எடுத்து, ஒரே பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் பெண் ஆனார். அவருடைய ஆட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் தருணங்கள் குறைவு. கூடைக்கு அருகில் இடம் பிடிக்கிறார், தோளைத் திருப்புகிறார், பின்னோக்கிச் சாய்ந்து போடுகிறார், உடனே திரும்பி ஓடி மறுமுனையில் எதிரணியின் பந்தைத் தட்டிவிடுகிறார். இதையே ஆண்டுதோறும் செய்கிறார். துணுக்குக் காணொளியைப் பார்க்கிறவர் கிளார்க்கின் ரசிகர் ஆவார் என்றால், முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிறவர் வில்சனின் ரசிகர் ஆவார் என்று எனக்குத் தோன்றுகிறது. தடுப்பாட்டத்தை மதிக்கக் கற்றுத்தரும் உருவம் வேண்டுமென்றால் இவருக்கு நிகர் இல்லை.

அந்தத் தாய் வில்சனைச் சொன்னதற்குக் காரணம் ஆட்டமன்று. தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் வில்சனுக்கு 2021இல் சிலை வைத்தார்கள். அவருடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது கறுப்பினத்தவர் அந்த வளாகத்துக்குள் நடக்க முடியாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பாட்டியால் கால் வைக்க முடியாத மண்ணில் பேத்தியின் சிலை நிற்கிறது. இதை மதுரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஊர் இது. அதற்கு முந்தைய நாள்வரை வாசலோடு நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் எங்கள் தளத்தில் ஆடுகிறார்கள். அந்தத் தாய் இதைச் சொன்னபோது கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எழுத்துக்களைப் படிப்பதில் தமக்கு இருந்த டிஸ்லெக்சியா என்ற சிரமத்தை வில்சன் மறைக்காமல் பேசி, அதே சிரமம் உள்ள குழந்தைகளுக்காக அறக்கட்டளை நடத்துவதும் அவர்மீது மதிப்பைக் கூட்டுகிறது. ஒரு தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. எங்கள் பிள்ளைகளில் ஐந்தரை அடியைத் தாண்டியவர்கள் மூன்று பேர்தான். ஆறடிக்கு மேல் நாலு அங்குலம் உயர்ந்த உருவத்தைச் சுவரில் தினமும் பார்க்கும் குள்ளமான பிள்ளை, உயரம் இருந்தால்தான் இந்த ஆட்டம் என்று தனக்குள் முடிவு கட்டிவிடக்கூடும். உயரத்தைக் காரணம் காட்டி எங்களிடமிருந்து விலகிய பிள்ளைகள் முன்பே இருக்கிறார்கள்.

உயரத்தைப் பற்றிய அதே கவலையால் ஓர் அப்பா சூ பேர்டின் பெயரைச் சொன்னார். ஐந்தடி ஒன்பது அங்குலம், சியாட்டில் ஸ்டார்ம் அணி ஒன்றுக்கே 2002 முதல் 2022 வரை ஆடியவர், நான்கு கோப்பைகள், ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள், பந்து கொடுப்பதில் 3,234 என்ற மொத்தச் சாதனை. மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஆடுவதைப் பிள்ளைகள் பார்த்ததும் இல்லை, அவருடைய வாழ்க்கையில் நம் ஊர் வாழ்க்கையோடு ஒட்டும் புள்ளியும் எனக்குத் தட்டுப்படவில்லை. அவருடைய பழைய ஆட்டங்களை மழைக்காலத்தில் வகுப்பறையில் உட்காரவைத்துக் காட்டலாம்.

நெடுநேரம் யோசிக்கவைத்த பெயர் மாயா மூர். மினசோட்டா லிங்க்ஸ் அணியோடு 2011, 2013, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்றவர், 2014இன் சிறந்த ஆட்டக்காரர். 2019இல், இருபத்தொன்பது வயதில், உடலில் எந்தக் குறையும் இல்லாமல் ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது அவர் தளத்தை விட்டு விலகினார். பதினாறு வயதில் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்காக ஐம்பது ஆண்டு தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஜொனாதன் ஐரன்ஸ் என்பவரின் வழக்குக்காக உழைப்பதற்கு அந்தக் காலத்தைக் கொடுத்தார். 2020 மார்ச்சில் தீர்ப்பு நீக்கப்பட்டது. ஜூலையில் ஐரன்ஸ் வெளியே வந்தார். பிறகு இருவரும் மணம் செய்துகொண்டார்கள். மூர் திரும்ப ஆட வரவே இல்லை. கூடைப்பந்தே பார்க்காதவர்களும் இவரை மதிக்கிறார்கள். தன் புகழை இன்னொருவரின் விடுதலைக்காகச் செலவழித்த பெண் என்ற வகையில், நான் இங்கே சொல்லும் எல்லாரிலும் என் தனிப்பட்ட வணக்கம் இவருக்குத்தான்.

இருந்தும் இவரை அந்தச் சுவரில் வரையக் கூடாது என்று நினைக்கிறேன். காரணம் இவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. விளையாட்டைவிட முக்கியமானது ஒன்று உண்டு, அதற்காக விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலிருந்து வீட்டில் கேட்கும் பேச்சு. பொதுத்தேர்வுக்காக விடு, வெயிலில் கறுத்துவிடுவாய் என்பதற்காக விடு, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக விடு. மூர் விட்டது தாமே தேர்ந்தெடுத்து விட்டது. எங்கள் பிள்ளைகள் விடுவது கையிலிருந்து பிடுங்கப்பட்டு விடுவது. இரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. ஆனால் சுவரில் ஓவியத்தோடு அந்தத் தொலைவையும் வரைய முடியாது. "பாரு, அவ்வளவு பெரிய ஆளே ஆட்டத்தை விட்டுட்டு நல்ல காரியம் பண்ணப் போயிருக்கு" என்று ஒரு பெரியம்மா சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

கீது அன்னா ஜோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டயம் பக்கத்துக்காரர், ஆறடி இரண்டங்குலம், ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக ஆடியவர், 2014ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்றவர். 2011இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுப் பயிற்சிக்குச் சென்று வந்தார். இடம் கிடைக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தவர் என்பதற்காகவே ரசிகர்கள் அவரை இன்றும் நினைக்கிறார்கள். அந்த நினைவில் நியாயம் இருக்கிறது.

இனி அனிதா பால்துரை. 1985இல் சென்னையில் பிறந்தவர். பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்காக ஆடினார். அவற்றுள் எட்டு ஆண்டுகள் அணித்தலைவி, அதுவும் பத்தொன்பது வயதிலேயே அந்தப் பொறுப்பை ஏற்றவர். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இறங்கியவர். தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கங்கள். 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த எண்களைப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டியபோது மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்களே தவிர, ஒருவர் கண்ணிலும் வெளிச்சம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்காத ஆட்டத்துக்கு ரசிகராக முடியாது. நான் சிறுமியாக இருந்தபோது பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு என் அப்பா அழைத்துப் போவார். இரவு விளக்கில் ஆண்கள் அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, திரும்பும் பேருந்தில் தூங்காமல் வந்ததை இன்னும் மறக்கவில்லை. காலணி தளத்தில் உரசும் ஓசையைக் காதால் கேட்டவளுக்குத்தான் அந்தப் பைத்தியம் பிடிக்கும். நம் நாட்டின் பெண்கள் ஆட்டம் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் அரிதாகவே கிடைக்கிறது என்பது அனிதாவுக்கு எதிரான வாதமாகத் தோன்றும். உண்மையில் அது அவரைச் சுவரில் வைப்பதற்கான வாதம் என்பது என் கருத்து. கிளார்க்கைக் கைப்பேசி தானாகவே கொண்டுவந்து காட்டிவிடும். இவரை நாம்தான் காட்ட வேண்டும்.

என்னை உறுதியாக இவர் பக்கம் சாய்த்த செய்தி வேறு. அனிதா மணமாகி, குழந்தை பெற்று, அதன் பிறகு திரும்ப வந்து ஆடினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75–73 என்று வென்று, இந்தியப் பெண்கள் முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள். அந்த அணியில் தாயாகத் திரும்பி வந்த அனிதா இருந்தார். உலகத்தில் இது முதல் முறையன்று. டபிள்யூ.என்.பி.ஏ. ஒப்பந்தம் செய்த முதல் வீராங்கனையான ஷெரில் ஸ்வூப்ஸ் 1997இல் மகன் பிறந்து ஆறு வாரங்களில் தளத்துக்கு வந்துவிட்டார். ஆனால் ஸ்வூப்ஸ் திரும்பியது அவரையும் முன்னிறுத்தி விளம்பரம் செய்து தொடங்கப்பட்ட ஒரு தொழில்முறைக் கூட்டமைப்புக்கு. அனிதா திரும்பியது கூட்டமும் பணமும் இல்லாத ஆட்டத்துக்கு. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு எலும்பின் பிடிப்பும் வயிற்றுத் தசையும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஓடித் தாவி இறங்கும் ஆட்டத்துக்கு அந்த உடலைத் திரும்பக் கொண்டுவருவது, முதல் முறை ஆட்டம் கற்றதைவிடக் கடினமான வேலை. அதை அவர் செய்தார்.

எங்களிடம் பழகிய பெண் ஒருத்தி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருவாள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடும்போது அவள் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை, அவ்வளவு கைப்பழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்தவள், இடுப்பில் குழந்தையோடு தளத்தைப் பார்க்க வந்தாள். பிள்ளைகள் ஒரு பந்தை அவள் பக்கம் உருட்டிவிட்டார்கள். அவள் காலால் நிறுத்தி, குனிந்து எடுத்து, கோட்டுக்கு வெளியே நின்றபடியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "உள்ள வந்து ஒண்ணு போடேன்டி" என்றேன். "எனக்கு இனிமே எதுக்கு டீச்சர்" என்றாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கிளார்க் அந்த வயதில்தான் தொழில்முறை ஆட்டத்தில் காலடி வைத்தார்.

எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஆடத் தொடங்குவதில் இன்று பெரிய தடை இல்லை. பள்ளிகள் அனுப்புகின்றன, அம்மாக்கள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறார்கள், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் போட்டி என்றால் அப்பாக்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சிக்கல் பதினேழு, பதினெட்டு வயதில் வருகிறது. நின்றுபோன ஆட்டம் பிறகு தொடங்குவதே இல்லை. ஆகவே, எப்படித் தொடங்குவது என்று காட்டும் உருவத்தைவிட, நின்ற பிறகும் திரும்பலாம் என்று காட்டும் உருவமே இந்தத் தளத்துக்குத் தேவை. நான் ஒப்பிட்டவர்களில் அதை நம் மொழி பேசும் வீட்டிலிருந்து வந்து காட்டியவர் இவர் ஒருவர்தான்.

பெற்றோர்களுக்கு இன்னொரு செய்தியும் பயன்படும். அனிதா தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர். ரயில்வே கோட்டத்தின் தலைமையிடமான மதுரையில் ரயில்வே வேலை என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பெண் அந்த வேலைக்குப் போகலாம் என்று தெரிந்தால், பன்னிரண்டாம் வகுப்போடு பயிற்சியை நிறுத்தச் சொல்லும் தகப்பனின் குரல் சற்று இறங்கும். ரசிகர் மனத்தில் இதற்கும் இடம் உண்டு: தன் ஆட்டத்தால் தன் காலில் நின்றவர் மீது வருகிற மதிப்பு, வியப்பைப் போலப் பளிச்சென்று வராது, ஆனால் நெடுநாள் நிற்கும்.

ஆகவே கிழக்குச் சுவருக்கு அனிதா பால்துரை என்பது என் கருத்து. பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்பதற்காக, உபகரண அறையின் கதவுக்கு உட்புறம் கிளார்க்கின் படத்தை அவர்களே ஒட்டிக்கொள்ளட்டும். பந்து கொடுக்கும் படமாகத் தேர்ந்தெடுக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரைவதற்கு முன்னால் அனிதாவுக்குக் கடிதம் எழுதி ஒப்புதல் பெற வேண்டும்; உயிரோடு இருக்கும் ஒருவரின் உருவத்தை அவரைக் கேட்காமல் பெரிதாக்குவது முறையன்று. கடிதத்தைப் பிள்ளைகளே எழுதினால் நல்லது.

வரைய ஒப்புக்கொண்டிருப்பவர், பிளெக்ஸ் வருவதற்கு முன் திரையரங்குகளுக்குப் பேனர் எழுதியவர். சுவரை வந்து பார்த்துவிட்டு, "முகம் பெரிசா வேணுமா, கை பெரிசா வேணுமாம்மா?" என்று கேட்டார். கை என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு கையாலும் பந்தை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று பக்கவாட்டில் பார்க்கும் நிலையில் உருவம் இருக்க வேண்டும். கீழே பெயரும், "இந்திய அணி, 18 ஆண்டுகள்" என்ற ஒரு வரியும் போதும். உருவத்தின் கண்கள் தரையிலிருந்து ஐந்தரை அடிக்கு மேல் போக வேண்டாம். தளத்தின் மேற்குப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு கிடக்கிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு காத்திருக்கும் அம்மாக்கள் அதில்தான் உட்காருகிறார்கள், அவர்களில் இரண்டு பேர் ஒரு காலத்தில் என்னிடம் ஆடியவர்கள். அந்தப் பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் நேரே தெரிவது கிழக்குச் சுவர்.